ஒரு நொடிகூடத் தங்காத விருந்தாளி

டிசம்பர் மாதத்தில் எங்கள் மத்திகிரியில் காலை எட்டு மணிக்கும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது. அப்படி ஒரு குளிர்காலைப் பொழுதில் என் தம்பி வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலேயே இரண்டு விஷயம் சொன்னான்.

"அக்கா, டியூப் போயிடுச்சு. பாப்பா புனே போறேங்கிறா."

இரண்டில் எது அவனுக்குப் பெரிய இடி என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

டியூப் என்றால் டியூப் லைட் இல்லை. தம்பி வைத்திருப்பது சின்ன லேசர் கட்டிங் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு அக்ரிலிக் பெயர்ப்பலகை, பிளைவுட்டில் பூஜை அறைக் கதவு டிசைன், ஓசூர் கம்பெனிகளுக்குக் கேஸ்கட் என்று கிடைக்கிற ஜாப் ஒர்க்கை எல்லாம் செய்வான். அந்த மெஷினின் உயிர், ஒரு ஆள் உயரத்துக்கு நீளமான கண்ணாடிக் குழாய். அது போய்விட்டால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பழையதற்கே கடன் முழுசாக அடையவில்லை.

பாப்பா என்றால் அவன் மகள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். ஓசூரில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை தயார். கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வரும். அதை விட்டுவிட்டு, புனேயில் ஆராய்ச்சிக்குச் சேரப் போகிறேன் என்கிறாள். அஞ்சு வருஷம் ஆகுமாம். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"எதைப் பத்தி ஆராய்ச்சியாம்?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கற. ஏதோ ஒண்ணு வருமாம், வந்த உடனே போயிடுமாம். ஒரு நொடியில கோடியில ஒரு பங்குகூட இருக்காதாம். அதப் பத்திக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடணுமாம். அதுக்கு அஞ்சு வருஷமா?"

கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சாயங்காலம் பட்டறைக்குப் போனபோது, சிரித்தது தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

பட்டறையில் பழைய குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா அந்தக் குழாயைக் காட்டித்தான் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கேஸ் இருக்கு. கார்பன் டை ஆக்சைடு லேசர்னு பேரே இருக்கே."

"அது மட்டும் இல்ல. நைட்ரஜன், ஹீலியம் ரெண்டும் கலந்திருக்கு. வெட்டுற வெளிச்சத்தக் கொடுக்கறது கார்பன் டை ஆக்சைடுதான். ஆனா அதுக்குச் சக்தி ஊட்டுறது பெரும்பாலும் நைட்ரஜன்."

இந்த லேசரைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சி. குமார் என். படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் 1938-ல் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்று, பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கேதான் 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரை இயக்கிக் காட்டினார். முதலில் வந்தது மில்லிவாட் கணக்கில் சொற்ப வெளிச்சம். நைட்ரஜனைச் சேர்த்த பிறகு அது வாட் கணக்குக்கு எகிறியது. ஹீலியமும் சேர்ந்ததும் இன்னும் கூடியது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்துப் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. தகடு வெட்டும் பெரிய கம்பெனிகள் ஃபைபர் லேசருக்கு மாறிக்கொண்டிருந்தாலும் மரம், அக்ரிலிக், துணி, தோல் என்றால் இன்றும் இந்தக் குழாய்தான்.

நைட்ரஜன் எப்படிச் சக்தி ஊட்டுகிறது? இங்கேதான் நம் விருந்தாளி வருகிறார்.

குழாயில் மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. எதிரே வரும் நைட்ரஜன் மூலக்கூறுகளில் முட்டுகின்றன. ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வருகிற எலக்ட்ரான், முட்டித் தெறித்துப் போவதில்லை. நைட்ரஜனுக்குள் நுழைந்து ஒரு கணம் தங்கிவிடுகிறது. 2.3 எலக்ட்ரான் வோல்ட் என்றால் ரொம்பப் பெரிதில்லை. இரண்டு பென்சில் பேட்டரியைச் சேர்த்து வைத்தால் ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கிற உந்துதல் 3 எலக்ட்ரான் வோல்ட். அதைவிடக் கம்மி.

தம்பி விடவில்லை. "ஏம்மா, நம்ம மெஷின்ல ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுது. கை வெச்சா ஆள் காலி. நீ ரெண்டு பேட்டரிங்கற?"

"அது குழாயோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற வோல்ட்டுப்பா. நடுவுல அவ்வளவு கேஸ் இருக்கே! ஓசூர்ல இருந்து சில்க் போர்டு வரைக்கும் பஸ்ஸு அடிக்கடி பிரேக் போடுற மாதிரி, எலக்ட்ரான் கொஞ்சம் வேகம் எடுத்ததும் எதுலயாவது முட்டி இழந்துடும். அதனால அதுங்க கையில எப்பவும் ஒண்ணு, ரெண்டு, மூணு எலக்ட்ரான் வோல்ட்தான் மிஞ்சும். நைட்ரஜனுக்கு வேண்டியதும் அதேதான்."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. தம்பிக்கும் பிடித்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பட்டிக்குள் புகுந்த கன்று

நைட்ரஜனுக்கு அந்த எலக்ட்ரான் தேவையே இல்லை. வெளியே தள்ளத்தான் பார்க்கும். அப்படியானால் ஏன் ஒரு கணமாவது தங்குகிறது?

மத்திகிரிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து பெரிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. வேலிச் சந்தில் புகுந்துவிட்ட கன்று, வந்த வழி தெரியாமல் உள்ளே சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரானும் அப்படித்தான். அது சுழன்றுகொண்டே வருவதால் அந்தச் சுழற்சியே ஒரு வேலி போலாகிறது. உள்ளே வந்துவிட்டால் வேலியைத் தாண்டி வெளியேறக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

எவ்வளவு நேரம்? சில ஃபெம்டோ நொடி. ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால் வகுத்து, பிறகு பத்தால் வகுத்தால் வருவது. இன்னொரு விதமாகச் சொன்னால், மூன்று கோடி வருஷத்துக்கும் மேற்பட்ட காலத்தில் ஒரு நொடி எப்படியோ, ஒரு நொடியில் ஒரு ஃபெம்டோ நொடி அப்படி.

அந்தச் சில ஃபெம்டோ நொடியில் எலக்ட்ரான் செய்துவிட்டுப் போகிற வேலைதான் அபாரம். நைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு அணுக்கள் கைகோத்து நிற்பது. வந்த எலக்ட்ரான் உட்காரும் இடம், அந்தக் கைப்பிடியைத் தளர்த்துகிற இடம். உடனே இரண்டு அணுக்களும் விலக ஆரம்பிக்கின்றன. அதற்குள் எலக்ட்ரான் கிளம்பிப் போய்விடுகிறது. பிடி மறுபடி இறுகுகிறது. இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி நைட்ரஜன் அதிர ஆரம்பிக்கிறது.

"நம்ம சின்ன மாமா மாதிரி" என்றாள் அண்ணி. "பத்து நிமிஷம் வருவாரு. டீயக்கூடக் குடிக்க மாட்டாரு. போனதுக்கப்புறம் வீடே ரெண்டு நாளைக்கு ஆடிக்கிட்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் விஷயம் அதேதான்.

இப்படி அதிர்கிற நைட்ரஜன் லேசில் அடங்காது. அந்த ஆற்றலை வெளிச்சமாகக் கொட்டிவிட அதற்கு வழியில்லை. கார்பன் டை ஆக்சைடில் முட்டினால்தான் கைமாற்ற முடியும். நைட்ரஜனின் அதிர்வுக்கும் கார்பன் டை ஆக்சைடின் ஒரு குறிப்பிட்ட அதிர்வுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பொருத்தம் பார்த்துச் செய்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சக்தி மாறுகிறது. கார்பன் டை ஆக்சைடு அதை 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள ஒளியாக வெளியிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. அக்ரிலிக் நம் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும், அந்த ஒளிக்கு அது சுவர். உறிஞ்சிக்கொள்ளும், சூடாகும், உருகி வெட்டுப்படும். கண்ணில் பட்டால் கண்ணின் மேற்பரப்பையும் அப்படித்தான் பொசுக்கும். அதனால்தான் மெஷின் மூடி திறந்திருக்கும்போது ஓட்டக்கூடாது என்பது.

ஆக, தம்பியின் பட்டறையில் இத்தனை வருஷமாகப் பெயர்ப்பலகை வெட்டிக்கொடுத்தது, "வந்த உடனே போயிடும்" என்று அவன் கேலி செய்த அதே விருந்தாளிதான்.

கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டான். அன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் உருப்படியானது.

"சரி. அந்த படேல் இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டா லேசர் செஞ்சாரு?"

"இல்லப்பா" என்று பாப்பா ஒப்புக்கொண்டாள். "ஜார்ஜ் ஷுல்ஸ்னு ஒருத்தர் 1960கள் தொடக்கத்துலயே எலக்ட்ரானை நைட்ரஜன்ல மோதவிட்டு அளந்து காட்டிட்டாரு. லேசர் வந்தது சோதனை வழியாத்தான். கணக்கு பின்னாடி வந்துச்சு."

"அப்புறம் கணக்கு எதுக்கு?"

"அளக்க முடியாத இடமும் இருக்கேப்பா."

அந்தக் கணக்கு ஏன் கஷ்டம் என்பதை அவள் சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன். வழக்கமாக வேதியியல்காரர்கள் கம்ப்யூட்டரிடம் ஒரு மூலக்கூறைக் கொடுத்து, "இதன் மிகக் குறைந்த ஆற்றல் நிலை எது?" என்று கேட்பார்களாம். தண்ணீர் பள்ளம் தேடுவது போல அதுவும் தேடிக் கொடுத்துவிடும். ஆனால் நைட்ரஜனோடு ஓர் எலக்ட்ரானைச் சேர்த்துக் கேட்டால், "எலக்ட்ரானை வெளியே அனுப்பிவிடு" என்றுதான் பதில் வரும். பதில் சரிதான். நமக்கு வேண்டியது அது இல்லையே! விருந்தாளி இருக்கிறபோது வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், "அவர் போய்விட்டார்" என்று சொன்ன மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியேறும் எலக்ட்ரான் ஓர் அலை. கம்ப்யூட்டரில் எல்லையில்லாத இடம் கிடையாது. போகிற அலை எல்லையில் முட்டித் திரும்பி வந்து கணக்கைக் குழப்பும். சிமென்ட் தொட்டியில் கல்லைப் போட்டால் அலை சுவரில் பட்டுத் திரும்பும். ஏரியில் போட்டால், கரையோர நாணலும் சேறும் அலையை விழுங்கிவிடும். விஞ்ஞானிகளும் அதையே செய்தார்கள். மூலக்கூறைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி, அலையை விழுங்குகிற ஒரு செயற்கைக் கரையைக் கணக்கிலேயே கட்டினார்கள். ஜெர்மனியில் ரிஸ், மெயர் இருவரும் 1993-ல் இந்த முறையைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கரையைக் கட்டினால் ஆற்றல் சாதாரண எண்ணாக வராது. பிளஸ் டூ கணக்கில் படித்த கலப்பு எண்ணாக வரும். "இதையெல்லாம் எதுக்குப் படிக்கிறோம்?" என்று நாம் முணுமுணுத்த அதே கலப்பு எண்! ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிச் சொல்ல இரண்டு எண் வேண்டும். தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது. கலப்பு எண்ணின் ஒரு பகுதி எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்கிறது. கற்பனைப் பகுதி என்கிறோமே, அது ஒழுகும் வேகத்தை, அதாவது ஆயுளைச் சொல்கிறது. அணுக்கரு சிதைவதை விளக்க 1928-லேயே ஜார்ஜ் காமோவ் இந்த வழியைக் காட்டிவிட்டார்.

இத்தனைக்கும் மேலே, நைட்ரஜனில் ஏற்கெனவே 14 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. 14 பேர் இருக்கும் வீட்டுக்கு 15-வது ஆள் வந்தால் எல்லோரும் நகர்ந்து இடம்விட வேண்டும். யார் எப்படி நகர்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் விடை சரியாக வரும். இந்த இரண்டையும் இணைத்து, நைட்ரஜனில் தங்கிப் போகும் எலக்ட்ரானின் நிலையைக் கணக்கிட்டு 2005-ல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஒய். சஜீவ், ராபின் சாந்த்ரா, சௌரவ் பால். இவர்களில் சௌரவ் பால் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இந்தத் துறையை வளர்த்தவர். பிறகு அதன் இயக்குநராகவும் இருந்தார். படேல் படித்த அதே புனே!

"நம்ம ஆளுங்க யாராவது இதுல இருக்காங்களா?" என்று அண்ணி கேட்டாள். எலக்ட்ரான் இல்லை, ஆனால் பக்கத்துத் துறையில் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த என். சத்தியமூர்த்தி, ரசாயன வினையின் நடுவில் நொடிப்பொழுதும் நிற்காமல் சிதறிவிடும் மூலக்கூறுகளைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணக்கிட்டவர். மொகாலியில் உள்ள ஐசர் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

அம்மாவின் ஞாபகம்

"அளக்க முடியாத இடம்னியே, அது எது?" தம்பி விட்ட இடத்துக்கே வந்தான்.

பாப்பா சொன்னாள். 2000-ல் கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்களாம். 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான, மெதுவான எலக்ட்ரான்கள்கூட டி.என்.ஏ. இழையை அறுத்துவிடும் என்று காட்டினார்கள். இங்கேயும் அதே கதைதான். எலக்ட்ரான் வந்து தங்கும், பிடியைத் தளர்த்தும், போய்விடும். சில சமயம் பிடி தளர்ந்ததோடு நிற்காமல் அறுந்தே போய்விடும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது உடம்புக்குள் இப்படி மெதுவான எலக்ட்ரான்கள் ஏராளமாக உண்டாகின்றன. உயிருள்ள செல்லுக்குள், அத்தனை தண்ணீருக்கு நடுவில், ஒவ்வோர் எலக்ட்ரானும் எங்கே உட்கார்ந்தது என்று நேரடியாகப் பார்க்க முடியாது. அங்கேதான் கணக்கு வேண்டும்.

பட்டறையில் சத்தமே இல்லை. எங்கள் அம்மாவுக்குப் பெங்களூரில் ரேடியேஷன் கொடுத்தபோது, தினமும் விடியற்காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவன் தம்பிதான். "உள்ள என்னதான்டா பண்றாங்க? வலிக்கவே இல்லையே" என்று அம்மா அவனைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவனுக்கும் சொல்லத் தெரியாது.

"இதக் கணக்குப் போட்டா வைத்தியம் வந்துடுமா?" என்றான்.

"வராதுப்பா. நான் போய் அஞ்சு வருஷத்துல மருந்து கண்டுபிடிக்கப் போறதில்ல. ஒரு சின்ன துண்டுக்கு விடை கண்டுபிடிச்சாலே பெரிசு. ஆனா அந்தத் துண்ட யாராவது கண்டுபிடிக்கணுமில்ல?"

பெரிதாக ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மனதில் கிடந்ததைச் சொன்னான். "நீ சம்பாதிச்சா டியூப்புக்கு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேன் பாப்பா. அஞ்சு வருஷம் படிக்க வெக்க எங்கிட்ட எங்க இருக்கு?"

பாப்பா அவனைப் பார்த்தாள். "அப்பா, நான் நெட் பாஸ் பண்ணி ஜே.ஆர்.எஃப். வாங்கியிருக்கேன். மாசம் 37,000 ரூபாய் அவங்க எனக்குக் கொடுப்பாங்க. வீட்டு வாடகைப்படி தனி. ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. நீங்க கட்ட வேண்டியது பெரிசா எதுவும் இல்ல. நான்தான் உங்களுக்கு அனுப்புவேன்."

"படிக்கறதுக்கு அவங்க காசு குடுப்பாங்களா?" தம்பிக்கு உண்மையாகவே தெரியாது. கம்பெனியில் சொன்ன சம்பளம் அதைவிடக் குறைவு. இத்தனை நாளாக அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க 'புனேயா'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டீங்களே!" என்கிறாள்.

1989-ல் எனக்கும் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. "அவ்வளவு தூரமா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் உட்கார்ந்து விவரம் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி போன் செய்தான். "அக்கா, டியூப் மாட்டியாச்சு. வெட்டு சுத்தமா வருது. அப்புறம்... பெங்களூர்ல இருந்து புனேக்கு நல்ல ட்ரெயின் எதுன்னு பாத்துச் சொல்லு. நானும் கூடப் போய் விட்டுட்டு வரேன்." அண்ணிக்கு இன்னும் கல்யாணக் கவலை தீரவில்லை. அது தீர ஃபெம்டோ நொடி போதாது!

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்த பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பிள்ளை சொல்கிற தலைப்பு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேளுங்கள். என் தம்பி கேட்டான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.